ஓநாய் எந்தப் பக்கம்

11 செப்டம்பர் 2006, திங்கள்

மழை விட்டபாடில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி ஃபயர்பிளேசுக்குள் வைத்தாயிற்று. இந்த வீட்டில் ஓதம் ஏறாத ஒரே இடம் அதுதான். அதில் விறகு எரித்து வருஷக்கணக்காகிறது; புகைபோக்கியைத் தகரம் போட்டு அடைத்துவிட்டோம். உள்ளே இரண்டு செங்கல், அதன் மேல் பெட்டி. திரையும் விசைப்பலகையும் பக்கத்து மேசையில். மாதா கெபிக்குள் சுரூபம் வைத்த மாதிரி இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன்.

"மெழுகுதிரி ஏத்த வேண்டியதுதான் பாக்கி," என்று சிரித்தார்.

இவர் சிரித்ததைத் தேதி போட்டு எழுதி வைக்கும் நிலைமைக்கு வந்திருக்கிறேன். மரியஅந்தோணி டாக்சி என்றால் ஸ்டாண்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும் வண்டி என்று அர்த்தம். அந்த மனுஷர் ஈஸ்டருக்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை. கண் அழுத்தம். இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, காகிதத்தைச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பதுபோல. போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுப் பிடித்து வைக்கலாம், எதுவரைக்கும் என்று சொல்ல முடியாது என்றார் மதுரை டாக்டர். அன்றைக்கு வண்டிச் சாவியை ஆணியில் மாட்டியவர்தான். வெளியே கூப்பிட்டால், "யாரு மேலயாச்சும் முட்டிக்கிட்டு நிக்கவா?" என்கிறார்.

இப்போது அவரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைப்பது ஒரே ஒரு விஷயம். எழுத வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டு.

14 செப்டம்பர், வியாழன்

மகள் அமலி லேப்டாப் வாங்கியதும் தன் பழைய கம்ப்யூட்டரை இங்கே அனுப்பி வைத்தாள். ஈமெயில் பழகுங்கம்மா என்றாள். நான் பழகியது அதற்குள் கிடந்த ஒரு காட்டு விளையாட்டை. ஏதோ குளிர்நாட்டு மலை. வழி தவறியவர்கள் எங்கெங்கோ நின்று கூப்பிடுவார்கள். தேடிப் போய்க் கூட்டி வர வேண்டும். ஓநாய்கள் உண்டு. நம் கையில் ஒரு லாந்தர் மட்டும்தான். ஓநாய்க்கு நேராகத் திரும்பி லாந்தரைத் தூக்கினால் அது போய்விடும். முதுகைக் காட்டினால் நாம் போய்விடுவோம்.

ஒருநாள் தட்டுத் தடுமாறி ஆடிக்கொண்டிருந்தபோது, பின்னால் கட்டிலில் படுத்திருந்த இவர், "ஏ புள்ள, தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுல்ல, அதத் தாண்டித்தான் அந்தாளு கத்துறான்," என்றார். அப்படித்தான் இருந்தது. மறுநாள் கேட்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து கண்ணும் கையும் நான், காது அவர்.

இவருக்கு இடது வலது கிடையாது. மலைப் பக்கம், பள்ளப் பக்கம். இவர் கணக்கில் இடது கை மலை, வலது கை பள்ளம். "பள்ளப் பக்கம் ஒண்ணு வருது, வெரசா திரும்பு." நானும் பழகிவிட்டேன். இன்று பிரார்த்தனையில்கூட பிதாவின் பள்ளப் பக்கம் வீற்றிருக்கிறார் என்று வாய்வரை வந்துவிட்டது.

தொல்லை என்னவென்றால் ஸ்பீக்கர் இரண்டும் மேசைமேல், எங்கள் முன்னால் இருக்கின்றன. பின்னால் வரும் ஓநாயும் முன்னால்தான் உறுமுகிறது. தினமும் சாகிறோம்.

15 செப்டம்பர்

செத்தோம். ரசம் நன்றாக வந்தது.

19 செப்டம்பர், செவ்வாய்

ஏழு ரோடு முக்கில் டிக்சன் கடைக்குப் போனேன். முன்னால் பிரவுசிங் சென்டர், பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர். ஆள் நல்ல மாதிரி, வாய்தான் கொஞ்சம் நீளம். சத்தம் பின்னாலிருந்து வரவேண்டும் என்றேன்.

"கேம்க்கா டீச்சர்? பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அதன் பிறகு பேச்சில் மரியாதை கூடியது. ஆடுவது நான், கேட்டுச் சொல்வது இவர் என்று விவரம் சொன்னேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கம்ப்யூட்டரோடு பிறந்த சவுண்டு பாட்டுக் கேட்கப் போதும்; திசை சொல்லாது. வழி இரண்டு. ஒன்று, யூ.எஸ்.பி. ஹெட்செட். ஒரே ஒயர், மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர். சுற்றிலும் கேட்பதாகக் காதை நம்ப வைக்கும். இன்னொன்று, தனியாக ஒரு சவுண்டு கார்டு உள்ளே போட்டு, ஒவ்வொரு காதுக்குள்ளும் முன்பக்கம், பின்பக்கம், நடு என்று குட்டிக் குட்டி ஸ்பீக்கர்கள் வைத்த ஹெட்செட். கனம். நாலு பிளக்.

"நம்ப வைக்கும்னா, காது ஏமாந்திடுமா?" என்று கேட்டேன்.

"சில காது ஏமாறும் டீச்சர். சில காது ஏமாறாது. அண்ணன் காது எப்பிடி?"

அதுதான் தெரியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி நடுவில் நிற்க வைத்து, மற்றவர்களைச் சுற்றி நின்று கைதட்டச் சொல்வேன். இடப்பக்கம் தட்டினால் இடது காதுக்கு ஒரு துளி முந்திக் கேட்கும். மூளை அந்தத் துளியை வைத்துத் திசை சொல்லிவிடும். நேர் முன்னால் தட்டினாலும் நேர் பின்னால் தட்டினாலும் இரண்டு காதுக்கும் ஒரே நேரம். அங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள், வகுப்பே சிரிக்கும். காதுமடல் கொஞ்சம் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். இதற்கு ஒவ்வொருவர் தலையிலும் மாட்டித்தான் பார்க்க வேண்டும். செருப்பு வாங்குவது மாதிரி.

22 செப்டம்பர், வெள்ளி

இவருக்கு விருப்பமில்லை. "கண்ணுக்கு மருந்து ஊத்துறதே பெருஞ் சோலி. இதுல காதுக்கு வேற பூட்டணுமாக்கும்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அமலி போனில், "அம்மா, அப்பாவ ஸ்கிரீன் முன்னாடி உக்கார வைக்காதீங்க," என்கிறாள். டாக்டரிடம் கேட்டாயிற்று, அதனால் கெடாது என்றார் என்று சொன்னேன். "அதுக்காக ஓநாயாம்மா?"

அவளுக்கு எப்படிச் சொல்வது. ஓநாய் இல்லையென்றால் அப்பா நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்றா? சுவரையாவது பார்க்கிறாரா?

27 செப்டம்பர், புதன்

நல்ல நாள்.

இவர் கடைக்கு வரமாட்டார் என்பதால் கடை வீட்டுக்கு வந்தது. டிக்சன் ஒரு பையில் கார்டையும் இரண்டு மாதிரி ஹெட்செட்டையும் எடுத்து வந்தார். பெட்டியை ஃபயர்பிளேசிலிருந்து வெளியே இழுத்தார். "டீச்சர், கம்ப்யூட்டருக்குக் குளிருமேன்னு இங்க வச்சீங்களா?" என்றார். கார்டைப் பொருத்தினார். அதன் முதுகில் ஒரே வரிசையில் நாலு ஓட்டைகள், நாலும் தங்க நிறம்.

முதலில் யூ.எஸ்.பி. இவர் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, "இது மண்டைக்குள்ளதான ஓடுது. ஓநாய் என் மூளையில இருக்குதுடா," என்றார்.

"இருக்கும்ணே. ஆனா கடிக்காது, அங்க கடிக்க ஒண்ணும் இல்ல."

"ஏலே, ஓங்கப்பன் என் வண்டில ஏறி வாடக குடுக்காம எறங்குனவன். நீ பேசுறியா?"

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே காப்பி ஆற்றினேன். எவ்வளவு நாளாயிற்று இந்த வீட்டில் இரண்டு ஆண்கள் சண்டை போட்டு.

அடுத்தது கனமானது. மாட்டியதும் தோள் கொஞ்சம் இறங்கியது. விளையாட்டை ஓடவிட்டார் டிக்சன். இவர் அசையவில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் கட்டில்தான் இருக்கிறது.

"இது நிக்கிது," என்றார். "ஓநாய் ஒரு எடத்துல நிக்கிது. அந்தத் தண்ணி வேற எடத்துல ஓடுது. நடுவுல எடம் கெடக்கு."

நடுவில் இடம் கிடக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு வெறும் ஹெட்செட் வாங்குவதாகத் தோன்றவில்லை, வீட்டோடு ஒரு நிலம் சேர்த்து வாங்குவதாகத் தோன்றியது.

மாதிரியை டிக்சன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். புதிது மதுரையிலிருந்து வரவேண்டும்.

3 அக்டோபர்

மதுரையிலிருந்து வரவில்லை. "பார்சல் வந்துச்சா?" என்று இவர் காலையிலும் கேட்டார், மத்தியானமும் கேட்டார்.

9 அக்டோபர், திங்கள்

வந்துவிட்டது. டிக்சன் ஊரில் இல்லை. தங்கச்சி கல்யாணம் என்று கன்னிவாடிக்குப் போயிருக்கிறார். போனில் சொன்னார்: "ஈஸி டீச்சர். முதுகுப் பக்கம் இருந்து பாத்தா, இடப்பக்கம் தொடங்கி மைக், முன்பக்கம், பின்பக்கம், நடு. பிளக்குல படம் போட்டிருக்கும்."

பெட்டியை வெளியே இழுக்க என் இடுப்பு விடவில்லை. பெட்டிக்கும் ஃபயர்பிளேஸ் சுவருக்கும் நடுவே கை போகும், தலை போகாது. இவருடைய சவரக் கண்ணாடியைப் பின்னால் சாய்த்து வைத்து, டார்ச் அடித்து, அதில் பார்த்து நாலையும் சொருகினேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

சத்தம் வருகிறது. நானும் மாட்டிப் பார்த்தேன், அருமையாக இருக்கிறது. இவர் குளித்து, சட்டை மாற்றி வந்து உட்கார்ந்தார். சினிமாவுக்குப் போவதுபோல.

இன்று மூன்று தடவை செத்தோம். புதுசு, பழக வேண்டாமா.

10 அக்டோபர், செவ்வாய்

சரியாக வரவில்லை. ஹெட்செட் அவர் தலையில் இருந்தால் எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. அவர் சொல்வதுதான் எனக்குக் காது. "பின்னாடி நிக்கிது" என்கிறார். திரும்புகிறேன். திரையில் ஒன்றுமில்லை, முதுகில் விழுகிறது. "முன்னாடி" என்கிறார். முன்னால் வெறும் மரம். மலைப் பக்கமும் பள்ளப் பக்கமும் சரியாகச் சொல்கிறார். முன்னும் பின்னும்தான் தப்பு. வழி தவறியவர்களின் குரல் கிணற்றுக்குள் இருப்பதுபோல் கேட்கிறதாம்.

டிக்சனுக்குப் போன் போட்டேன். பின்னணியில் மேளம். "பிளக்க மட்டும் செக் பண்ணுங்க டீச்சர்." மறுபடியும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன வரிசைதான், ஒரு மாற்றமும் இல்லை.

12 அக்டோபர், வியாழன்

இன்றைக்கு ஒரு சிறு பெண்ணைக் கூட்டி வந்துகொண்டிருந்தோம். பனி இறங்கிவிட்டது, திரை வெள்ளையாக இருக்கிறது, எனக்கும் கண் தெரியாத மாதிரிதான். "பின்னாடி, பின்னாடி" என்றார். திரும்பினேன். முடிந்தது.

ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அன்னைக்கு டிக்சன் கொண்டாந்தப்ப கேட்டுச்சுல்ல. ரெண்டே வாரம். எடது கண்ணும் இப்பிடித்தான போச்சு. ஒருநா இருந்துச்சு, மறுநா இல்ல. காதும் அந்த வழியில கெளம்பிருச்சு புள்ள."

அப்படியெல்லாம் இல்லீங்க, காதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். டாக்டர்கிட்ட காட்டலாம் என்றேன். எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டார். நான் ஏன் இத வாங்கினேன். சும்மா இருந்த மனுஷன் கையில ஒண்ணக் குடுத்து, அதையும் புடுங்கின மாதிரி ஆயிருச்சே. பேசாம பழைய ஸ்பீக்கரையே வச்சிருந்தா தினம் செத்தாலும் சேந்து செத்திருப்போம்.

16 அக்டோபர்

உள்ளறையில் டம்ளரைத் தட்டும் சத்தம். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். போய்ப் பார்த்தால் டம்ளர் இருக்கும், அவர் தூங்குகிற மாதிரி இருப்பார்.

18 அக்டோபர், புதன்

ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளை. ஆப்பிள் மரம் இருந்த இடத்தில் அது இருப்பதாக ஞாபகம் மட்டும் இருக்கிறது. கொஞ்ச நேரம் இருவரும் ஒரே உலகத்தில் இருந்தோம், அவர் அந்த அறையிலும் நான் இந்த அறையிலும்.

பின்வீட்டு ஞானம்மா கேரட் கொண்டுவந்தாள். வெள்ளனே தோட்டத்துக்குப் போய் வந்த கால், சேறு. "ஐயா ஏன் இப்ப ஓநாயோட பேசுறதில்ல?" என்றாள். "வேலிக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்கும். எங்க எஸ்டேட் லயத்துல ஒரு பெரியாளு இப்புடித்தான் தனியா பேசிக்கிட்டு இருப்பாரு, தொரைக்கே புத்தி சொல்லுவாரு. ஐயா பேசாம இருக்கது நல்லா இல்ல டீச்சர்."

நல்லா இல்லைதான்.

21 அக்டோபர், சனி, தீபாவளி

நிதானமாக எழுத வேண்டும்.

காலையிலிருந்தே ஊரெல்லாம் வெடி. ஞானம்மா முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து வைத்தாள். இவர் கட்டிலில் உட்கார்ந்து அதிரசத்தைப் பிட்டுக்கொண்டே, யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "இது ஞானம்மா வீட்டு வெடி. இது கீழ ரோட்டுல. இது சர்ச்சுக்கு முன்னாடி. இது பின்னாடி சரிவுல, பைப்புக்குக்கிட்ட," என்றார்.

நான் எழுந்து பின்கதவைத் திறந்து பார்த்தேன். பைப்புக்குக்கிட்ட ஞானம்மா வீட்டுப் பிள்ளைகள் வெடித்துக்கொண்டிருந்தார்கள். முன்வாசலுக்குப் போனேன். சர்ச் வாசலில் புகை.

முன்னும் சரி. பின்னும் சரி. காது எங்கேயும் போகவில்லை.

அப்படியானால் தப்பு பெட்டியில். ஹெட்செட்டை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு மாட்டியபோது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் திறந்திருந்தால் காது கண்ணை நம்பிவிடுகிறது, கண் சொன்ன திசையையே தானும் கேட்டதாகச் சாதிக்கிறது. இப்போது ஓடையைத் திரைக்கு நேராக வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். ஓடை என் முதுகுக்குப் பின்னால் ஓடியது.

பூசைக்குப் போகத் தலை வாரக் கண்ணாடி முன் நின்றபோதுதான். முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சவரக் கண்ணாடி. இடப்பக்கம் தொடங்கி மைக், முன்பக்கம், பின்பக்கம், நடு. நான் கண்ணாடியின் இடப்பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன். வரிசை முழுக்கத் தலைகீழ். முன்பக்கம் பின்பக்கத்தில், நடு மைக்கில். சரிபார்த்தபோதும் அதே கண்ணாடியில்தான் சரிபார்த்தேன்.

சமதள ஆடி, இடவல மாற்றம். எட்டாம் வகுப்பு. வருஷா வருஷம் நடத்தியவள் நான்.

22 அக்டோபர், ஞாயிறு

ஞானம்மா ஒரே இழுப்பில் பெட்டியை வெளியே இழுத்துவிட்டாள். கேரட் மூட்டை தூக்குகிற கை. நேருக்கு நேர் பார்த்து நாலையும் மாற்றிச் சொருகினேன். பிறகு இவரிடம் போய்ச் சொன்னேன், நடந்ததை நடந்தபடி.

"கண்ணாடியப் பாத்துச் சொருகுனியா?"

"ஆமா."

"என் சவரக் கண்ணாடிய."

"ஆமாங்க."

"டீச்சரம்மா, இத்தன வருசமா புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்த?"

தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிப்புதான், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் ராத்திரியெல்லாம் டம்ளரத் தட்டிப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். நல்லாத்தான் கேக்குது, அப்புறம் ஏன் அங்க மட்டும் கேக்கலன்னு. மூளையே போயிருச்சுபோலன்னு நெனச்சேன்."

என் மேல் கோபமில்லையா என்றேன். "கோவம் கெடக்கு. அப்புறமா மொத்தமா வாங்கிக்க. இப்ப வா."

பனி இறங்கியது. பின்னாடி என்றார். திரும்பினேன். ஓநாய் நின்றது, கண் இரண்டும் மின்ன. லாந்தரைத் தூக்கினேன். போய்விட்டது.

6 நவம்பர், திங்கள்

இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்.

திரையில் எனக்குத் தெரிவது மட்டமான காடு. முக்கோண முக்கோணமாக மரங்கள், அட்டையில் வெட்டி ஒட்டிய புதர், தண்ணீர் என்று ஒரு நீலப் பாய். பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான் வரையும். இவருக்குக் கிடைப்பதோ முழுக்காடு. மேலே காற்று ஒரு கொத்து இலைக்குள் நுழைந்து, அடுத்த கொத்துக்குப் போகிறதாம். தூரத்தில் யாரோ விறகு வெட்டுகிறார்களாம். வெட்டு விழுந்து, கொஞ்சம் கழித்து எதிர் மலையிலிருந்து அது திரும்பி வருகிறதாம். ஒரு பறவை இவர் தலைக்குமேல் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறதாம்.

"என்ன பறவ?" என்றேன்.

"நீதான பாக்குற, நீ சொல்லு."

திரையில் பறவையே இல்லை. வரையவில்லை அவர்கள். சத்தம் மட்டும் வைத்துவிட்டு விட்டுவிட்டார்கள். அதை இவரிடம் சொல்லவில்லை. "சாம்பல் நிறம், வால் நீளம்," என்றேன். "கழுத்துல வெள்ள கெடக்குமே," என்றார். ஆமாம், வெள்ளை இருக்கிறது என்றேன்.

இப்போதெல்லாம் அதைத் தேடிக்கொண்டு திரையின் மேல் மூலையைப் பார்க்கிறேன்.

17 நவம்பர், வெள்ளி

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ சொல்றதுக்குள்ள நானே நடந்துருவேன்."

திரையை ஒட்டி முகத்தை வைத்து ஏதோ பார்க்கிறார், பிறகு பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். கால் சத்தத்தில் வழி பிடிக்கிறார். சருகு என்றால் பாதைக்கு வெளியே. சரளை என்றால் பாதை. பலகைச் சத்தம் வந்தால் பாலம், நேராகப் போக வேண்டும். முதல் காடு முழுக்க மனப்பாடம்.

நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்தேன்.

2 டிசம்பர், சனி

மதுரைக்குப் போய் வந்தோம். வருவாரோ என்று பயந்தேன். தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "டிரைவர் கியர் மாத்துறது சரியில்ல," என்று இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். மருந்தைத் தொடரச் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மனசத் தயார் பண்ணிக்கோங்கம்மா," என்றார். எந்த மனசை? என்னுடையதையா, அவருடையதையா?

5 டிசம்பர், செவ்வாய்

தினம் காலையில் கேட்கிறேன். "ஜன்னல் தெரியுதா?" "தெரியுது."

இன்றும் தெரிகிறது என்றார்.

10 டிசம்பர், ஞாயிறு

திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு. பூசை முடிந்து அப்படியே சந்தைக்குப் போய்விட்டு வரச் சற்று நேரமாகிவிட்டது. வெயில் அடித்தது, ஏரி பளபளவென்று இருந்தது.

கதவைத் திறந்தேன். இவர் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், தலையில் ஹெட்செட், விரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. திரை கறுப்பாக இருந்தது. கரண்ட் இல்லை என்று முதலில் நினைத்தேன். ஃபயர்பிளேசுக்குள் பெட்டியின் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. திரையின் ஒயர் தரையில் கிடந்தது. அது இருந்த ஓட்டையில் ஞானம்மாவின் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது; அவர்கள் வீட்டில் கரண்ட் இல்லாத நாளில் இங்கே வந்து போட்டுவிட்டுப் போவாள். நான் பூசைக்குக் கிளம்பும்போதே வந்தாள். காலையிலிருந்து இந்தத் திரை எரியவில்லை.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். பிறகு ஒரு காதை நகர்த்தி, "வந்துட்டியா?" என்றார்.

"திரை அணைஞ்சு கெடக்குங்க."

விரல்கள் நின்றன. "அப்படியா?" என்றார். அப்புறம் ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"எப்பருந்து?" என்று கேட்டேன். திரையைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

"புதன்கெழமையிலருந்து. எந்திரிச்சேன், ஜன்னல் இல்ல. கொஞ்ச நேரம் படுத்துக் கெடந்தேன். சொல்லணும்னுதான் இருந்தேன். ரெண்டாவது காட்டுல அந்தப் பொம்பளப்பிள்ள பாலத்துக்கு அந்தாண்ட நின்னு கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு. அதக் கொண்டாந்து சேத்துட்டுச் சொல்லுவோம்னு."

"சேத்தாச்சா?"

"நீ கதவத் தொறக்கயிலதான்."

பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் சில்லிட்டிருந்தது. எனக்கு முன்னால் அவரே பேசினார்.

"ஞானம்மா போன எடுத்து வச்சிட்டு, அந்த டப்பாவோட ஒயர மாட்டி விடு."

"எதுக்குங்க?"

"எரிஞ்சா வெதுவெதுப்பா இருக்கும்ல. வெரல் வெறைக்கிது."

மாட்டினேன். திரை முனகிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தது. அவர் ஒரு கையை அதன் தலைமேல் வைத்துச் சூடேறக் காத்திருந்தார். பிறகு ஹெட்செட்டைத் தூக்கி மாட்டிக்கொண்டார். மூன்றாவது காடு. இதுவரை இருவரும் போகாதது.

நான் சந்தைப் பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மத்தியானத்துக்கு பீன்ஸ்.